405 எத்தனை, 495 எத்தனை? மூன்று இலக்க நெடுஞ்சாலை எண்களை வைப்பது யார், எப்படி?

புதுக்குடி எழுதியது:

சியாட்டிலில் இருந்தவரை 405 என்றால் எனக்கு பெல்வியூ வழியாகப் போகும் சாலை. வேலை மாறி லாஸ் ஏஞ்சலஸ் வந்தால் இங்கேயும் ஒரு 405, அதுவும் ஊரே திட்டுகிற 405. போர்ட்லண்டிலும் ஒன்று இருக்கிறதாம். மேப்பில் விரல் வைத்து ஓட்டிப் பார்த்தேன், மூன்றும் எங்கேயும் சேரவில்லை. கிழக்குப் பக்கம் 495 இதே கதை. இந்த எண்ணை எல்லாம் யார் உட்கார்ந்து வைக்கிறார்கள், ஏன் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள்? நம்ம ஊரில் சேலம்–கொச்சி 47 திடீரென்று 544 ஆனதே, அதற்கும் இதே கணக்குதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

---

வரைபடப்பித்து எழுதியது:

வாங்க, நமக்குப் பிடித்த சங்கதி. முதலில் பெரிய சாலைகளைப் பார்த்துவிடுவோம், அது இல்லாமல் கிளை புரியாது.

இன்டர்ஸ்டேட் என்கிற அமெரிக்க விரைவுச் சாலைகளுக்கு (சுருக்கமாக "ஐ") 1956-ல் சட்டம் வந்தது, எண் வைக்கும் திட்டம் 1957-ல். ஒற்றைப்படை வடக்கு–தெற்கு, இரட்டைப்படை கிழக்கு–மேற்கு. மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக எண் கூடும், அதனால்தான் பசிபிக் ஓரம் ஐ-5, அட்லாண்டிக் ஓரம் ஐ-95. தெற்கிலிருந்து வடக்கே போனாலும் கூடும்: கீழே ஐ-10, மேலே ஐ-90. (1926-ல் வந்த பழைய யு.எஸ். சாலைகளுக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே 1 கிழக்குக் கரையில், 101 மேற்குக் கரையில். ஒரே பகுதியில் இரண்டு வகையிலும் ஒரே எண் வந்து குழப்பக்கூடாது என்பதுதான் காரணம். ஐ-50 என்று ஒரு சாலையே இல்லாததும் இதனால்தான்.)

இப்போது மூன்று இலக்கம். கடைசி இரண்டு இலக்கம் நம்ம இனிஷியல் மாதிரி, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லும். 495 என்றால் 95-ன் கிளை. 5-க்கு ஒரே இலக்கம் என்பதால் நடுவில் பூஜ்யம் போட்டு 405. முதல் இலக்கம் இரட்டைப்படை என்றால் பெரும்பாலும் இரண்டு முனையும் இன்டர்ஸ்டேட்டில் போய்ச் சேரும், அதாவது லூப் அல்லது பைபாஸ். ஒற்றைப்படை என்றால் ஒரு முனை மட்டும் சேரும், மறு முனை ஊருக்குள்ளேயோ துறைமுகத்திலோ போய் நின்றுவிடும்.

உங்கள் சியாட்டில் 405 டக்விலாவில் ஐ-5-ஐ விட்டுப் பிரிந்து, ஏரிக்குக் கிழக்கே போய், லின்வுட்டில் மறுபடி ஐ-5-ல் ஏறும். எல்.ஏ. 405 இர்வைனில் பிரிந்து சான் ஃபெர்னாண்டோ பக்கம் சேரும். போர்ட்லண்ட் 405 நகரத்தின் நடுவை மேற்குப் பக்கமாகச் சுற்றும் சின்ன வளையம். மூன்றும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவை, வேறு வேறு மாநிலத்தில் குடியிருக்கின்றன. விதி இதுதான்: ஒரு மாநிலத்துக்குள் ஒரே கிளை எண் இரண்டு முறை வரக்கூடாது, அடுத்த மாநிலத்தில் வந்தால் பரவாயில்லை. ஐ-95 கடக்கிற மாநிலங்களை எண்ணிப் பாருங்கள். திரும்பப் பயன்படுத்தாவிட்டால் ஒன்பது எண் எந்த மூலைக்கு?

யார் வைக்கிறார்கள் என்றால், மாநில நெடுஞ்சாலைத் துறை விண்ணப்பிக்கும், ஆஷ்டோ என்கிற மாநிலத் துறைகளின் கூட்டமைப்பில் இதற்கென்று ஒரு குழு பார்க்கும், மத்திய நெடுஞ்சாலை நிர்வாகமும் சம்மதிக்க வேண்டும்.

---

ஃப்ரீமான்ட் பயணி எழுதியது:

அண்ணே, விதி எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பே ஏரியாவுக்கு வந்து சொல்லுங்கள் பார்ப்போம்.

இங்கே 80-ன் பிள்ளைகள் மட்டும் 280, 380, 580, 680, 780, 880, 980. அப்பன் 80 சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி பாலம் ஏறி சாக்ரமென்டோ பக்கம் போய்விடுவார், பிள்ளைகள் சான் ஹோசே வரை அலைகின்றன. 380 ஒற்றைப்படையா இரட்டைப்படையா? 3, ஒற்றை. சரி, ஒரு முனை சேர வேண்டும். சேருகிறது, ஆனால் 80-ல் இல்லை, 280-ல்! மறு முனை சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட் பக்கம் 101-ல். அப்பன் முகத்தையே பார்க்காத பிள்ளை. 980 ஓக்லண்டில் 880-க்கும் 580-க்கும் நடுவே, இரண்டு முனையும் இன்டர்ஸ்டேட், ஆனால் 9. அப்புறம் சான் ஹோசேயில் 280-ல் நேராகப் போய்க்கொண்டே இருப்போம், 101-ஐத் தாண்டியதும் அதே சாலை, அதே லேன், பலகையில் 680 என்று மாறிவிடும்.

இதை எல்லாம் மன்னித்துவிடலாம். ஆல்பனிக்கும் எமரிவில்லுக்கும் நடுவே வளைகுடா ஓரமாக ஒரு துண்டு இருக்கிறதே, அங்கே நீங்கள் ஒரே நேரத்தில் 80 கிழக்கிலும் 580 மேற்கிலும் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். வண்டி போவது வடக்கே. பக்கத்தில் உட்கார்ந்த மாமனாருக்கு இதை விளக்கியவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

கடைசியாக 238. அந்த 38 எங்கே இருக்கிறது?

---

வரைபடப்பித்து எழுதியது:

ஹா ஹா, 238 வருமென்று தெரியும். ஐ-38 என்று எங்குமே கிடையாது தம்பி. நாடு முழுக்க விதிக்குப் பொருந்தவே பொருந்தாத கிளை எண் என்று கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான்.

காரணம் கலிபோர்னியாவின் ஒரு பிடிவாதம். அங்கே மாநிலச் சாலை, யு.எஸ். சாலை, இன்டர்ஸ்டேட் எதுவானாலும் ஒரு எண் ஒரு சாலைக்கு மட்டும்தான். காஸ்ட்ரோ வேலியில் 580-ஐயும் சான் லியாண்ட்ரோவில் 880-ஐயும் இணைக்கும் இரண்டு மைல் துண்டுக்கு 1980-களில் இன்டர்ஸ்டேட் எண் தேவைப்பட்டது. 80 வீட்டில் என்ன மிச்சம் என்று பாருங்கள். 180 ஃப்ரெஸ்னோ வழியாகப் போகும் மாநிலச் சாலை. 280-லிருந்து 980 வரை எல்லாம் போயாச்சு, 480-ஐத் தவிர. அந்த 480 சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ ஃப்ரீவே, ஏற்கெனவே இன்டர்ஸ்டேட் அந்தஸ்தை இழந்து மாநிலச் சாலையாக அதே எண்ணோடு இருந்தது. ஆக அதுவும் கிடையாது. அந்தத் துண்டு முன்னாலேயே மாநிலச் சாலை 238-ன் பகுதி, அதனால் அதே எண்ணுக்கு நீல-சிவப்பு ஷீல்டு மாட்டிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1989 நிலநடுக்கத்தில் எம்பார்கடேரோ ஃப்ரீவே சேதமாகி 1991-ல் இடித்தே தள்ளினார்கள். 480 காலியாகிவிட்டது. ஆனாலும் 238 அப்படியே நிற்கிறது.

380, 980 பற்றி: முதல் இலக்க விதியைப் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள், கழுத்தைப் பிடித்துத் திணிப்பதில்லை. பெரிய நகரத்தில் கிளைக்குக் கிளை முளைக்கும்போது கையில் மிச்சமிருக்கிற எண்தான் பேசும். நியூயார்க் மாநிலத்தில் 90-ன் கிளைகள் 190 முதல் 990 வரை ஒன்பதும் தீர்ந்துவிட்டன. இனி ஒன்று வந்தால் என்ன செய்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.

---

டிரென்டன் டீக்கடை எழுதியது:

எங்கள் நியூஜெர்சி 295-ஐ விட்டால் எப்படி?

2018 வரைக்கும் இங்கே நடந்தது இது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஐ-95 வடக்கே வருகிறீர்கள், டெலவேர் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்குள் வந்து டிரென்டனுக்கு மேலே சுற்றுகிறீர்கள், திடீரென்று பலகையில் 95 காணாமல் போய் "295 தெற்கு" என்று வந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை, வடக்கு தெற்காகிவிட்டது. நியூயார்க் போக வேண்டியவர்கள் எத்தனை பேர் அப்படியே வளைந்து கேம்டன் பக்கம் இறங்கியிருப்பார்களோ.

ஏன் அப்படி என்றால், 95 அங்கிருந்து நேரே வடகிழக்காகப் போக ஒரு புது ஃப்ரீவே திட்டமிட்டிருந்தார்கள், வழியில் இருந்த ஊர்கள் எதிர்த்து 1980-களின் தொடக்கத்தில் அது ரத்தானது. நாட்டின் முக்கியமான சாலையில் ஒரு ஓட்டை, அதை அடைக்க 2018 செப்டம்பர் வரை ஆனது. பென்சில்வேனியாவில் பிரிஸ்டல் பக்கம் 95-ஐயும் டர்ன்பைக் என்கிற சுங்கச் சாலையையும் நேரடியாக இணைத்த பிறகுதான் 95 முழுசானது. டிரென்டனைச் சுற்றுகிற பழைய 95 துண்டுக்கு 295 என்று பேர் மாற்றி, எக்ஸிட் எண்களையும் மாற்றினார்கள்.

இப்போது 295 டெலவேரில் தொடங்கி, நியூஜெர்சியில் வடக்கே ஏறி, டிரென்டன் தலைக்கு மேலே வளைந்து, பென்சில்வேனியாவில் தெற்கே இறங்கி 95-ல் முடிகிறது. இறங்குகிற அந்தத் துண்டில் வடக்கு என்றும் எழுத முடியாது, தெற்கு என்றும் எழுத முடியாது, அதனால் பென்சில்வேனியாக்காரர்கள் கிழக்கு, மேற்கு என்று எழுதிவிட்டார்கள்.

---

பெல்ட்வே பாலு எழுதியது:

டிரென்டன்காரர் சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. விதிக்குப் பொருந்தாத எண்ணை எங்கே பார்த்தாலும், அங்கே கட்டாமல் விட்ட சாலை ஒன்று இருந்ததா என்று முதலில் தேடுங்கள். பாதிக்கு மேல் கிடைக்கும். எண் என்பது வரைபடம் போடும்போதே வைத்துவிடுவது. சாலை அப்புறம் மாறுகிறது, ரத்தாகிறது, எண் அப்படியே தங்கிவிடுகிறது.

நியூயார்க் லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வே 495-ஐப் பாருங்கள். 4, இரட்டைப்படை, ஆனால் ஒரு முனை மன்ஹாட்டன் சுரங்கப்பாதையில், மறு முனை ரிவர்ஹெட்டில். 95-ஐத் தொடவே தொடாது. உண்மையில் மன்ஹாட்டனை நடுவே வெட்டிக்கொண்டு ஒரு எக்ஸ்பிரஸ்வே போட்டு, லிங்கன் சுரங்கம் வழியாக நியூஜெர்சியில் 95-ஓடு சேர்ப்பதுதான் திட்டம். மன்ஹாட்டன் துண்டு வரவே இல்லை. லிங்கன் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் 495 என்ற எண் மாநிலச் சாலையாக இன்னும் இருக்கிறது, போனால் பார்க்கலாம்.

எங்கள் வாஷிங்டனிலும் இதேதான். 95 தலைநகருக்குள்ளே புகுந்து போக வேண்டியது. எதிர்ப்பு வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள், 1977-ல் ஊரைச் சுற்றும் 495 வட்டச் சாலையான பெல்ட்வேயின் கிழக்குப் பாதியை 95 என்று ஆக்கினார்கள். ஊருக்குள் ஏற்கெனவே கட்டிவிட்ட தெற்குத் துண்டு 395 ஆனது. கிழக்குப் பாதியில் முதலில் 495 பலகையை எடுத்தேவிட்டார்கள், வட்டச் சாலையில் பாதி வழியில் எண் மாறினால் மக்கள் என்ன செய்வார்கள்? 1991-ல் மறுபடி 495-ஐயும் சேர்த்துப் போட்டார்கள். இப்போது அங்கே இரண்டு எண்ணும் உண்டு.

வட்டம் என்றதும் இன்னொன்று. வட்டச் சாலைக்கு வடக்கு தெற்கு சொல்லி ஒரு பயனும் இல்லை, கால் சுற்றில் திசை மாறிவிடும். அதனால் இங்கே இன்னர் லூப், அவுட்டர் லூப் என்பார்கள். இன்னர் கடிகாரச் சுற்று. வலது பக்கம் ஓட்டும் நாட்டில் கடிகாரச் சுற்றாகப் போகிறவர் உள்பக்க லேன்களில் இருப்பார், அதுதான் கணக்கு. நம்ம ஊர் ரிங் ரோட்டில் இது நேர் எதிராக வரும், அங்கே கடிகாரச் சுற்றாகப் போனால் வெளிப்பக்கம்.

---

கடைசி பெஞ்சு எழுதியது:

எல்லாம் சரி, ஆஷ்டோ குழு கூடி முடிவெடுக்கும் என்று ஒருத்தர் சொன்னாரே. பென்சில்வேனியாவின் ஐ-99 எந்தக் குழு வைத்தது? 99 என்றால் 95-க்கும் கிழக்கே கடலில் இருக்க வேண்டும், இருப்பது மாநிலத்தின் நடுவில் மலைக்குள்.

---

வரைபடப்பித்து எழுதியது:

அது கிளை இல்லை, முழு எண். இருந்தாலும் "யார் வைக்கிறார்கள்" என்ற கேள்விக்கு நல்ல பதில். எந்தக் குழுவும் வைக்கவில்லை. பட் ஷூஸ்டர் என்ற காங்கிரஸ் உறுப்பினர், அந்தத் தொகுதிக்காரர், 1995 நெடுஞ்சாலைச் சட்டத்திலேயே "ஐ-99" என்று எழுத வைத்துவிட்டார். சட்டமே சொன்ன பிறகு விதியாவது ஒன்றாவது. நியாயமாக ஏதாவது ஒரு கிளை எண் போதும் அந்தச் சாலைக்கு.

நீளத்தை வைத்தும் ஏமாறாதீர்கள். கிளை என்றால் குட்டை என்று இல்லை. அதே பென்சில்வேனியாவில் 476, பெயருக்கு 76-ன் கிளை, செஸ்டர் பக்கத்திலிருந்து ஸ்க்ரான்டன் வரை சுமார் 132 மைல். மூன்று இலக்கத்தில் இதுதான் மிக நீளம். எதிர்ப்பக்கம் வயோமிங் ஷயான் நகரத்தில் 180 என்று ஒன்று, இன்டர்ஸ்டேட் என்று பேர், சிக்னல் விளக்கு எல்லாம் இருக்கும், சாதாரணத் தெரு மாதிரிதான்.

---

சங்ககிரி லாரி எழுதியது:

எல்லாரும் அமெரிக்காவையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் பதிவில் 544 பற்றிக் கேட்டாரே, அதை நான் சொல்கிறேன்.

2010-ல் மத்திய அரசு எல்லா தேசிய நெடுஞ்சாலைக்கும் எண்ணை மாற்றியது. புது விதி: வடக்கு–தெற்கு இரட்டைப்படை, கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். கிழக்கு–மேற்கு ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே கூடும். தமிழ்நாட்டை வைத்தே சரிபார்க்கலாம். கடலோரம் சென்னை–நாகை–தூத்துக்குடி 32, கும்பகோணம்–தஞ்சாவூர் பக்கம் 36, திருச்சி–மதுரை 38, சேலம்–திண்டுக்கல்–மதுரை–கன்னியாகுமரி 44, கேரளக் கரையில் 66. குறுக்கே பாருங்கள்: சேலம்–உளுந்தூர்பேட்டை 79, கோவை–கரூர்–திருச்சி–சிதம்பரம் 81, திண்டுக்கல்–திருச்சி–தஞ்சாவூர்–நாகை 83, மதுரை வழியாகத் தொண்டி போவது 85, ராமேஸ்வரம் போவது 87. என்னைக் கேட்டால் ரொம்பச் சுத்தமான வேலை. பழைய 7, 45, 47, 45ஏ, 45பி-யில் எது எங்கே என்று மனப்பாடம்தான் செய்ய முடியும்.

ஆனால் கிளை எண்ணில்தான் அமெரிக்காவோடு ஒட்டவில்லை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலை, அது வரைக்கும் ஒன்றுதான். சேலத்தில் 44-ஐ விட்டு கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக எடப்பள்ளி போவது 544. திருமங்கலத்தில் பிரிந்து கொல்லம் போவது 744, பழைய 208. ஓசூர்–தருமபுரி 844. நாகர்கோவில் பக்கம் 944. முதல் இலக்கம் வெறும் வரிசை எண், அதில் லூப், பைபாஸ் என்று எந்தச் செய்தியும் இல்லை. 544-ஐப் பார்த்துவிட்டு "5 ஒற்றைப்படை, முட்டுச் சாலையாக இருக்கும்" என்று யாராவது அமெரிக்கக் கணக்குப் போட்டால் அவ்வளவுதான், அது இங்கிருந்து கேரளக் கரை வரை போய் 66-ஐப் பிடிக்கிற சாலை.

---

பெல்ட்வே பாலு எழுதியது:

அண்ணே, ஒரு சந்தேகம். மாநிலத்துக்கு மாநிலம் அதே எண் திரும்ப வருமா அங்கே?

---

சங்ககிரி லாரி எழுதியது:

வராது, அங்கேதான் சிக்கல். நம்ம எண் நாடு முழுக்க ஒன்றுதான். 44 ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கி.மீ.க்கு மேல். அவ்வளவு நீளத்துக்கும் 144-லிருந்து 944 வரை மொத்தமே ஒன்பது கிளை எண். அது எப்படிப் போதும்? அதனால் பின்னால் எழுத்து சேர்த்தார்கள். அனந்தபூரில் 44-ஐ விட்டு குண்டூர் போகிற சாலைக்கு 544டி. அனந்தபூருக்கும் எங்கள் சேலம் 544-க்கும் என்ன உறவு? ஒன்றும் இல்லை. பேரை மட்டும் பார்த்தால் 544-லிருந்து பிரிந்தது போலத் தோன்றும்.

எல்லா எழுத்தும் இப்படி இல்லை, விழுப்புரம்–புதுச்சேரி 332, புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். 332ஏ, இவை இரண்டும் புதுச்சேரியில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆக எழுத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அமெரிக்காவில் மாநில எல்லையோடு எண்ணைத் திரும்ப எடுக்கிறார்கள், உங்களுக்கு மூன்று 405 வந்து குழப்பம். இங்கே திரும்ப எடுப்பதில்லை, எங்களுக்கு 544-க்குப் பின்னால் வாலாக எழுத்து வந்து குழப்பம். இரண்டில் எது மேல் என்றால் நான் அமெரிக்க வழியைத்தான் சொல்வேன். வேறு மாநிலத்து 405 என் கண்ணில் படப்போவதே இல்லை, 544டி-யோ எப்போதும் 544-ஐப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டு நிற்கும்.

---

ஃப்ரீமான்ட் பயணி எழுதியது:

எண் எதுவாக இருந்தால் என்ன, சென்னையில் யார் 32 என்கிறார்கள்? ஜி.எஸ்.டி. ரோடுதான். இங்கேயும் ஹூஸ்டனில் 610-ஐ "லூப்" என்பார்கள், அட்லாண்டாவில் 285-ஐ "பெரிமீட்டர்" என்பார்கள்.

---

சங்ககிரி லாரி எழுதியது:

உள்ளூர்க்காரருக்கு எண் தேவையே இல்லை தம்பி. வெளியூர் வண்டிக்குத்தான் அது. எங்கள் ஆட்களில் வயதானவர்கள் இன்னும் கோவை ரோட்டை நாற்பத்தேழு என்றுதான் சொல்வார்கள், புதுப் பையன்கள் போன் சொல்கிற எண்ணைச் சொல்வார்கள், போனில் வழி கேட்டால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. மஞ்சள் தலைக் கல்லைப் பார்த்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை என்றால் மாநிலச் சாலை, அது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

---

புதுக்குடி எழுதியது:

கேட்டது ஒன்று, கிடைத்தது பத்து. எல்லாருக்கும் நன்றி. ஒரு நடைமுறைக் கேள்வி. அடுத்த மாதம் அட்லாண்டா போக வேண்டும், ஐ-75-ல் தெற்கிலிருந்து வந்து வடக்கே போகிறேன். 285 எடுப்பதா, நேராக ஊருக்குள் 75-லேயே போவதா? முதல் இலக்கம் 2, அப்படியென்றால் சுற்றிக்கொண்டு மறுபடி 75-ல் சேரும், சரியா?

---

வரைபடப்பித்து எழுதியது:

சரி. 285 முழு வட்டம், 75-ஐத் தெற்கிலும் வடக்கிலும் வெட்டும், எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் வரும். ஆனால் எண் சொல்வது "இது சுற்றிப் போகும்" என்பதை மட்டும்தான், "இது சீக்கிரம் போகும்" என்று சொல்லவில்லை. ஊரைக் கடந்து போகிற பெரிய லாரிகள் 285-ல்தான் போக வேண்டும் என்று அங்கே விதி, உள்ளே விடமாட்டார்கள். அதனால் லாரிக் கூட்டம் முழுக்க அதில்தான். கார் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரி நேரத்தில் நேராக 75-லேயே போங்கள், தூரமும் குறைவு. வேலை நாள் சாயங்காலம் என்றால் இரண்டுமே மோசம், முன்னாலேயே எங்காவது நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்கு மேல் கிளம்புங்கள்.